எந்த வலி தேவலை

சுயம்புலிங்கத்துக்கு விஷயம் தெரிய வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். சங்கரன்கோவிலிலிருந்து பனவடலிசத்திரம் பக்கத்து ஊர்களுக்குப் போய்வரும் மினிபஸ்ஸில் அவர் டிரைவர். அன்றைக்கு மாற்று டிரைவர் வந்திருந்ததால் ஆற அமர முகத்துக்கு சோப்பு போட்டுக்கொண்டு ரேஸரை எடுத்தார். கன்னத்தில் வைத்ததுமே பிளேடு இழுத்தது. முந்தின நாள்தான் புது பிளேடு மாற்றியிருந்தார். தட்டிப் பார்த்தார். சின்னச் சின்னதாக முடி உதிர்ந்தது. அவருடைய முடி பாதி நரைத்தது. இது கறுப்பு.

வண்டி போகிற வழியில் ஒரு ஊரில்தான் வீடு. வீட்டில் இருப்பது இரண்டே பேர், அவரும் மகள் மாரிசெல்வியும். மனைவி சண்முகசுந்தரி மஸ்கட்டில் ஒரு வீட்டில் சமையல் வேலைக்குப் போய் மூன்றாவது வருஷம் நடக்கிறது.

"ஏட்டி, என் ரேஸர நீ எடுத்தியா?"

 உள் அறையிலிருந்து மாரிசெல்வி வந்து கதவோரம் நின்றாள். வீட்டுக்குள்ளும் மாஸ்க் போட்டிருந்தாள். கொரோனா போய் ஊரே மறந்துவிட்ட பிறகும் அவள் மட்டும் மாஸ்க்கை விடவில்லை. கேட்டால் தூசி அலர்ஜி என்பாள். காலேஜ் போகிற பிள்ளை, பஸ் புழுதி, இருக்கும் என்று அவரும் நம்பியிருந்தார். இப்போது மாஸ்க்கின் கீழ் ஓரத்தில் ஒரு பொட்டு ரத்தம் ஊறியிருந்தது.

"என்னட்டி ரத்தம்? மாஸ்க்க எடு."

"வேண்டாம்பா."

"எடுன்னா எடு மக்கா."

எடுத்தாள். தாடையிலும் அதன் கீழேயும் கருகருவென்று புள்ளிகள். ஒரு இடத்தில் பிளேடு வெட்டியிருந்தது. இரண்டு நாள் சவரம் செய்யாத தன் முகத்தையே பார்ப்பது போலிருந்தது அவருக்கு. பெற்ற மகளைப் பார்த்து இப்படி ஒரு நினைப்பு வந்துவிட்டதே என்று உடனே தன் மீதே கோபமும் வந்தது. பாதி முகத்தில் சோப்பு நுரையோடு நின்றார். அவளும் நின்றாள். பிறகு படிகாரக் கல்லை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, "இத வச்சா ரத்தம் நிக்கும்" என்று மட்டும் சொன்னார்.

மத்தியானம் மஸ்கட்டுக்குப் போன் போட்டார். சண்முகசுந்தரி எல்லாவற்றையும் கேட்டாள்.

"ஏங்க, எனக்கும் உண்டும்" என்றாள். "இவ்வளவு கெடையாது. கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்தது. நூல் போட்டு எடுத்துக்கிடுவேன். உங்களுக்குத் தெரியாது."

அவருக்குத் தெரியவே தெரியாது.

"என்கிட்ட இருந்துதான் பிள்ளைக்கு வந்திருக்கு. அதான் வீடியோ கால்ல மூஞ்சியக் காட்டாம சீலிங்கக் காட்டிக்கிட்டே பேசினாளா? நான் நெட்டு சரியில்லன்னு நெனச்சேன்." அழ ஆரம்பித்துவிட்டாள். அழுகைக்கு நடுவிலேயே, "ரேஸர் வேண்டாம்னு சொல்லுங்க. நம்ம ஷஹீரா கடைக்குக் கூட்டிட்டுப் போங்க. அவ எனக்குத் தெரிஞ்ச பிள்ளதான்" என்றாள்.

ஷஹீராவின் பியூட்டி பார்லர் ரத வீதியில் ஒரு ஜவுளிக் கடையின் மாடியில் இருந்தது. கதவில் 'பெண்களுக்கு மட்டும்' என்று எழுதியிருந்ததால் சுயம்புலிங்கம் படிக்கட்டிலேயே நின்றுகொண்டார். ஏறி இறங்குகிற பெண்கள் ஒவ்வொருத்தியும் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். செல்போனைப் பார்ப்பது போல் குனிந்துகொண்டார்.

உள்ளே தாடையில் மெழுகு தடவி ஒட்டிய பட்டையைச் சட்டென்று இழுக்க, துணியைக் கிழிப்பது போல் ஒரு சத்தம். அடுத்து, "எம்மா!" என்று மாரிசெல்வியின் குரல். அவர் தன்னையறியாமல் இரண்டு படி மேலே ஏறிவிட்டார். கதவைப் பார்த்ததும் நின்றார். மறுபடி அந்தக் கிழிக்கிற சத்தம், மறுபடி அந்தக் குரல். அவள் சின்னப் பிள்ளையாக இருக்கையில் காது குத்திய அன்று மடியில் வைத்துப் பிடித்திருந்தது அவர்தான். இங்கே ஒரு கதவைத் தள்ளிக்கொண்டு போகக்கூட வழியில்லை.

வெளியே வந்தபோது தாடை முழுக்கச் சிவந்து தடித்திருந்தது. ஆனால் முடி இல்லை. மாரிசெல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். மாஸ்க் பைக்குள் கிடந்தது.

"ஐஸ் வைக்கச் சொல்லுங்கண்ணே" என்றாள் ஷஹீரா, வாசலில் நின்று. "மூணு வாரத்துல மறுபடி வந்துரும், அப்ப கூட்டிட்டு வாங்க. நல்ல பொறுமைக்காரப் பிள்ள. இந்த எடத்துல எடுத்தா நானே கத்திருவேன்."

அதற்கப்புறம் அது வழக்கமாகிவிட்டது. போகப் போகச் சத்தம் குறையும் என்று நினைத்தார். குறையவில்லை. ஒருநாள் வீட்டில் அவள் மெழுகுப் பட்டையை ஒட்டிக் கைக்கு வேக்ஸ் போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"மக்கா, ரொம்ப வலிக்குமா?"

"உங்களுக்குச் சொன்னாப் புரியாதுப்பா."

"அப்ப எனக்கும் ஒண்ணு ஒட்டு."

அவள் நம்பாமல் பார்த்தாள். அவர் முன்கையை நீட்டினார். ஒரு பட்டையை ஒட்டி நன்றாக நீவிவிட்டு, "எண்ணட்டுமா, எண்ணாம இழுக்கட்டுமா?" என்று கேட்டாள். அவர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் இழுத்துவிட்டாள். "ஏ கோமதித் தாயே!" என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த தறியே நின்றதாக அவள் பிறகு அம்மாவிடம் சொன்னாள். அன்றைக்கு இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும், "இது கைப்பா. கைல தோல் தடிப்பு. தாடைக்குக் கீழ இப்பிடிப் பத்துத் தடவ இழுக்கணும்" என்றாள். அவர் தன் கையைத் தடவிக்கொண்டே தாடையைத் தொட்டுப் பார்த்தார்.

நாலைந்து மாதம் அப்படி ஓடியது. அப்புறம் தோல் முரண்டு பிடித்தது. முடி வெளியே வராமல் தோலுக்கு உள்ளேயே சுருண்டு, கொப்புளமாகி, சீழ் கட்டியது. ஆறின இடமெல்லாம் கரும்பட்டையாக நின்றது. மாஸ்க் திரும்ப வந்துவிட்டது. கடைசியாகப் போனபோது ஷஹீரா மெழுகைச் சூடு பண்ணவே இல்லை. மாரிசெல்வியின் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு படிக்கட்டுக்கே வந்தாள்.

"அண்ணே, இதுக்கு மேல நான் கை வச்சா அல்லாவுக்கே பொறுக்காது. தோல் போயிட்டு. டாக்டர்ட்டக் காட்டுங்க. இது உள்ளுக்குள்ள இருக்க கோளாறு, மேல புடுங்கித் தீராது."

திருநெல்வேலியில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் காட்டினார்கள். ரத்தம் எடுத்து, வயிற்றை ஸ்கேன் எடுத்துப் பார்த்து, ஹார்மோன் கோளாறு என்றார். அதற்கு மாத்திரை எழுதினார். முடிக்கு லேசர் செய்யலாம், ஆறேழு தடவை வரவேண்டியிருக்கும் என்றார்.

"அதோட போயிருமா டாக்டர்?" என்று கேட்டது சுயம்புலிங்கம்.

"முழுசாப் போகும்னு நான் சொல்ல மாட்டேன். குறையும். நிறையப் பேருக்கு நல்லாவே குறையும். ஆனா இன்னைக்குச் செய்ய முடியாது. கடைசியா எப்ப வேக்ஸ் பண்ணீங்க?"

போன மாதம், நடுவில் நூலும் போட்டேன் என்றாள் மாரிசெல்வி.

"லேசர் முடியோட வேரைத் தேடித்தாம்மா போகும். நீங்க வேரோட பிடுங்கிட்டா அது எதைச் சுடும்? ஒரு மாசம் எதையும் பிடுங்கக் கூடாது. மழிச்சுக்கலாம், அது மட்டும்தான்."

மழிப்பது என்றால் ரேஸர். எது வேண்டாம் என்று மஸ்கட்டிலிருந்து அழுதாளோ அதையே டாக்டர் செய்யச் சொல்கிறார். அன்று சாயங்காலம் சுயம்புலிங்கம் பெண்களுக்கென்று விற்கிற ரேஸர் ஒன்றை வாங்கி வந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தார்.  மறுநாளிலிருந்து மகள் எழுந்து வருவதற்குள் தன் சவரத்தை முடித்துக்கொண்டு கண்ணாடியை அவளுக்கு விட்டுக் கொடுத்தார். காலையில் மழித்தால் மாலையில் காலேஜ் விட்டு வரும்போது பச்சையாக நிழல் தட்டிவிடும். அந்த ஒரு மாதமும் அவள் மதியச் சாப்பாட்டை டிபன் டப்பாவில் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். சாப்பிட வேண்டுமென்றால் மாஸ்க்கைக் கழற்ற வேண்டுமே. அவர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைப்பார்.

முதல் லேசருக்குப் போனபோது அவரையும் அறைக்குள் விட்டார்கள். ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள். மாரிசெல்வியின் கண்ணை மொத்தமாக மூடி ஒன்று கட்டினார்கள். நர்ஸ் பிள்ளை தாடையில் குளிர்ச்சியாகக் களிம்பு தடவி, குழாய் போன்ற ஒன்றை வைத்து அழுத்தியது. 'பீப்' என்று ஒரு சத்தம். பளிச்சென்று வெளிச்சம். முடி கருகுகிற வாடை. மறுபடி 'பீப்'.

சுயம்புலிங்கம் அந்த "எம்மா" என்கிற குரலுக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. அவள் கை மட்டும் கட்டில் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. மேலுதட்டுக்கு வந்தபோது கால் கட்டைவிரல்கள் விறைத்து நின்றன. அப்போதும் சத்தமில்லை. கண்ணை மறைத்திருந்ததால் அழுகிறாளா என்பதும் தெரியவில்லை. படிக்கட்டில் நின்றபோது சத்தமாவது கேட்டது என்று நினைத்தார்.

"யம்மா, எனக்கு ஒண்ணு வச்சுப் பாருங்க" என்றார் நர்ஸிடம்.

"அய்யோ, அதெல்லாம் கூடாது சார்."

பக்கத்தில் நின்ற டாக்டரம்மா சிரித்துவிட்டு, கையில் ஒன்று வைக்கச் சொன்னார். ரப்பர் பேண்டை இழுத்துச் சுண்டிவிட்டது போல் ஒரு அடி, அதற்குப் பின்னாலேயே ஊசிமுனைச் சூடு. அவ்வளவுதான். மெழுகுக்குப் போட்ட சத்தத்தில் கால்வாசிகூட அவருக்கு வரவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில், "மெழுகு அளவுக்கு இல்ல என்னட்டி? இது தேவலைதான்" என்றார், அவளுக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று.

மாரிசெல்வி ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். "வலி கம்மிதான்பா. மெழுகு உயிர் போவும். ஆனா போன உயிர் உடனே வந்துரும், துணியப் பாத்தா முடி இருக்கும். இதுல சுடுதாங்க, சுடுதாங்க, அது போவுமா போவாதான்னே தெரியல. கண்ணையும் கட்டிட்டாங்க. அடுத்த அடி எங்கன விழும்னு தெரியாமப் படுத்துக் கெடக்கணும். நான் எதத் தேவலைன்னு சொல்ல?"

 வெளியே காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன.

இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை என்று மாதத்துக்கு ஒன்றாகப் போனது. மேலுதட்டில் நன்றாகவே குறைந்தது. மஸ்கட்டுக்குப் போன் போட்டு அதைச் சொன்னார்கள். மாரிசெல்வி போனை முகத்துக்கு நேராகப் பிடித்து உதட்டை மட்டும் காட்டினாள். சண்முகசுந்தரி அந்தப் பக்கம் திரைக்கு முத்தம் கொடுத்தாள்.

அந்தச் சந்தோஷம் இருக்கும்போதுதான் அது நடந்தது. காலை டிரிப். பனவடலிசத்திரத்தில் ஏறிய காலேஜ் பையன்கள் நாலு பேர், டிரைவர் சீட்டுக்குப் பின்னாலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மாரிசெல்வி முந்தின வண்டியிலேயே போயிருந்தாள். அப்பா ஓட்டுகிற வண்டியில் அவள் காலேஜுக்குப் போவதில்லை. ஏன் என்று அவர் கேட்டதும் இல்லை.

"ஏலே, நேத்து அண்ணாச்சியப் பாத்தியா?" என்றான் ஒருவன்.

"எந்த அண்ணாச்சிலே?"

"நம்ம கிளாஸ் அண்ணாச்சிதாம்லே. மாஸ்க்கு. தண்ணி குடிக்கும்போது பாத்தேன். ஷேவிங் பண்ணாம வந்துட்டா."

நாலு பேரும் சிரித்தார்கள். "அவ தாடி வளத்தா எனக்கு மேல வளரும்வே" என்றான் மீசை அரும்பாத இன்னொருத்தன்.

சுயம்புலிங்கத்தின் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. வண்டி கரிசல் காட்டு நடுவில், ஸ்டாப்பே இல்லாத இடத்தில் குலுங்கி நின்றது. நின்றவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். பால் கேன் ஒன்று உருண்டது. அவர் திரும்பினார். பையன்களின் முகம் நேரெதிரே இருந்தது. கெட்ட முகம் என்று சொல்ல முடியாது. தினமும் ஏறுகிற பையன்கள். ஒருத்தனுடைய அப்பாவை அவருக்குத் தெரியும்.

சட்டையைப் பிடித்து இழுத்து நாலு சாத்து சாத்திவிடலாம். சாத்தினால் ஏன் என்று கேட்பார்கள். அவ என் மகள்லே என்று சொல்ல வேண்டிவரும். சொன்ன மறு நிமிஷமே மாஸ்க் போட்ட பிள்ளை யார் மகள் என்று வண்டி முழுக்கத் தெரியும். சாயங்காலத்துக்குள் வழியிலிருக்கிற ஊர் எல்லாவற்றுக்கும் தெரிந்துவிடும். 

"ஏன் அண்ணாச்சி நிப்பாட்டிட்டீங்க?" என்று அதே பையன்தான் கேட்டான், மரியாதையாக.

"ஒண்ணுமில்ல. நாய் குறுக்க வந்துட்டு."

வண்டியை எடுத்தார். கியர் விழ மறுத்துக் கரகரத்தது. சங்கரன்கோவில் வரைக்கும் அவர் கண்ணாடியில் பின்பக்கம் பார்க்கவில்லை.

வீட்டில் இதைச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது மாரிசெல்வியே, "எப்பா, காலைல வண்டிய நடுக்காட்டுல நிப்பாட்டினீங்களாமே? பையங்க சொல்லிச் சிரிச்சாங்க. நாயே இல்லையாம்" என்றாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள். என்ன புரிந்ததோ, எழுந்து போய் ரசத்தை எடுத்துவந்து அவர் கேட்காமலே ஊற்றினாள்.

அடுத்த லேசருக்கு முந்தின வாரம், மழித்துக்கொண்டிருந்தவள் கண்ணாடி முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். "எப்பா, இங்கன வந்து பாருங்க." கன்னத்தின் மேல்பகுதியில், காதுக்கு முன்னால், இத்தனை நாளும் கண்ணுக்கே தெரியாத பூனைமுடியாக இருந்த இடத்தில் முடி தடித்துக் கறுத்திருந்தது. இரண்டு பக்கமும்.

டாக்டரம்மா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சொன்னார். "இது அபூர்வமாச் சிலருக்கு நடக்கும். லேசர் பட்ட இடத்துல முடி குறையும்போது, பக்கத்துல லேசாச் சூடு பட்ட இடத்துல தூங்கிட்டிருந்த முடி முழிச்சுக்கும். யாருக்கு இப்படி ஆகும்னு முன்கூட்டியே சொல்ல முடியாது. உங்க தப்பு இல்ல. எங்க தப்புன்னும் சொல்ல முடியாது. முதல் நாளே நான் இதையும் சொல்லியிருக்கணும்."

"இப்ப என்ன பண்ண டாக்டர்?" என்றார் சுயம்புலிங்கம்.

"ரெண்டு வழி இருக்கு. இதோட நிறுத்திட்டு, மாத்திரையச் சாப்பிட்டுக்கிட்டு மழிச்சுக்கலாம். இல்ல, இந்தப் புது இடத்துக்கும் சேர்த்து லேசர் வைக்கலாம். அநேகமாக் கேட்கும். கேட்கும்னு எழுதிக் கொடுக்க என்னால முடியாது."

அவர் மகளைப் பார்த்தார். அவள் முடிவெடுக்கட்டும் என்பதற்காக இல்லை. அவருக்கு எதுவுமே ஓடவில்லை. வேண்டாம் என்று சொல்லி, நாளைக்கு அது தாடியாக நின்றால்? சரி என்று சொல்லி, இன்னும் மேலே ஏறினால்? மஸ்கட்டில் இருப்பவளைக் கேட்கலாம். அவள் அழுவாள். ஷஹீராவைக் கேட்டால் டாக்டரைக் கேட்கச் சொல்வாள்.

"மெழுகு போடலாமா டாக்டர், அந்த எடத்துல மட்டும்?" என்று மாரிசெல்வி கேட்டாள். எதைத் தாங்க முடியாமல் இங்கே வந்தாளோ அதையே கேட்கிறாள்.

"உங்க தோலுக்கு வேண்டாம்மா."

 அவள் கையிலிருந்த மாஸ்க்கை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"வைங்க" என்றாள். "கன்னத்துக்கும் சேத்து வைங்க."

"யோசிச்சு அடுத்த மாசம் கூட வரலாம்."

"யோசிச்சா மட்டும் என்ன தெரியப் போவுது?"

கண்ணைக் கட்டினார்கள். இந்தத் தடவை இடம் அதிகம், நேரமும் அதிகம். காதோரத்தில் எலும்புக்கு மேலே வைக்கும்போது கட்டிலை விட்டு ஒரு கை மேலே எழும்பி, எதையோ தேடுவது போல் காற்றில் நின்றது. சுயம்புலிங்கம் எழுந்து போய் அதைப் பிடித்துக்கொண்டார். 'பீப்' சத்தம் வரும்போதெல்லாம் அவள் விரல்கள் அவர் எலும்பை நெரித்தன. அடுத்த சத்தம் எப்போது என்று அவருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் அவளுக்கு முன்பாகவே அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

முடிந்ததும் நர்ஸ் பிள்ளை ஒரு ஐஸ் பொட்டலத்தைத் துணியில் சுற்றிக் கொடுத்து, வழி முழுக்க வைக்கச் சொன்னது. சங்கரன்கோவில் பஸ்ஸில் இரண்டு பேர் சீட் கிடைத்தது. மானூர் தாண்டுவதற்குள் மாரிசெல்வி அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மாஸ்க் இல்லாத முகம். வீங்கிய கன்னம் ஜன்னல் வெயிலில் செக்கச்செவேலென்று இருந்தது. முன் சீட்டிலிருந்து ஒரு கைக்குழந்தை திரும்பி அவளையே பார்த்தது. அதன் தாயும் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சட்டென்று முன்னால் திரும்பிக்கொண்டாள்.

சண்முகசுந்தரியிடமிருந்து போன் வந்தது. மகள் விழிக்காமல் இடது கையால் எடுத்தார்.

"என்னங்க, கொறஞ்சிட்டா?"

"பஸ்ல இருக்கோம்ட்டி. இவ தூங்குதா."

"டாக்டர் என்ன சொன்னாங்க? கொறஞ்சிட்டுன்னுதான சொன்னாங்க?"

"வீட்டுக்குப் போய்ப் பேசுதேன்."

வைத்துவிட்டார். ஐஸ் பொட்டலத்தை அவள் கன்னத்துக்குக் கொண்டுபோனார். வைத்தால் எரிச்சல் அடங்கும், ஆனால் முழித்துவிடுவாள். முழித்தால் எரிச்சல் தெரியும். கையை அங்கேயே, தொடாமல், கன்னத்துக்கு ஒரு விரல்கடை தள்ளிப் பிடித்துக்கொண்டார். தேவர்குளம் வந்தது, போனது. பனவடலிசத்திரத்தில் அவரைத் தெரிந்த இரண்டு பேர் ஏறி, "என்ன அண்ணாச்சி, இன்னிக்கு லீவா?" என்றார்கள். தலையை மட்டும் ஆட்டினார். துணி நனைந்து முழங்கை வழியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. பஸ் ஊருக்குள் நுழையும்போது பொட்டலத்துக்குள் பனிக்கட்டி எதுவும் மிச்சமில்லை.